சில்லறை மாற்றித் தரும் சூரியன்

சூரியனைப் புகழ உட்காருபவர்கள் முதலில் எண்களைத்தான் எடுப்பார்கள். 15 கோடி கிலோமீட்டர் தொலைவு, பூமியைப் போல் 109 மடங்கு விட்டம், மையத்தில் 1.5 கோடி டிகிரி வெப்பம், நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்பவருக்கு ‘அடேயப்பா’ என்று வாய் பிளப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. பெரியதைப் பெரியது என்று சொல்ல ரசனை எதற்கு? எனக்குச் சூரியனிடம் பிடித்தது அதன் மந்தம். அதற்கடுத்தபடி, உள்ளே விளைந்ததை அப்படியே நம் தலையில் கொட்டாமல் பொடிப்பொடியாக உடைத்துத் தரும் பக்குவம். வாய்க்கால் வரப்பில் ஒரு புல் முளைத்து நிற்பதற்கு இந்த இரண்டும்தான் ஆதாரம்.

மந்தம் என்றால் நம்ப முடியாத மந்தம். சூரியனின் நட்டநடு மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் நெருங்கிக் கிடக்கும் பொருளின் எடை 150 டன். அத்தனை எடை அத்தனை வெப்பத்தில் கிடந்து உண்டாக்கும் ஆற்றல் சுமார் 275 வாட். ஓர் ஆள் உடம்பு அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு என்று பார்த்தால் ஏறத்தாழ 20 வாட். கூடத்தில் எரியும் எல்இடி டியூப்லைட் ஒன்றுக்குச் சரி. திண்ணையில் சும்மா சாய்ந்திருக்கும் மனிதரின் உடல் 80, 100 வாட் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் நாம் சூரிய மையத்தைவிட நாலைந்து மடங்கு மும்முரமானவர்கள். அப்படியானால் அது ஏன் அப்படித் தகிக்கிறது? உடம்பு பெரிது, உள்ளே விளைந்தது வெளியேற வழி எளிதில் இல்லை. தங்கித் தங்கிச் சேர்ந்த சூடு அது.

மந்தத்தின் காரணத்தைத் தேடிப் போனால் ஒரே ஒரு படியில் போய் நிற்போம். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒற்றைப் புரோட்டான். இரண்டு புரோட்டான்கள் இணைந்தால்தான் ஹீலியத்துக்குப் போகும் வழி திறக்கும். இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும். 1.5 கோடி டிகிரிகூட அந்தத் தடையை ஏறித் தாண்டப் போதாது. இப்படிப்பட்ட தடைகளை ஏறாமலே ஊடுருவிக் கடக்கும் குவாண்டம் வழி ஒன்று உண்டு என்று 1928இல் ஜார்ஜ் காமாவ் அணுக்கருச் சிதைவை வைத்து விளக்கினார். நட்சத்திரங்கள் எரிவதற்கு ஒரு நியாயம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. ஊடுருவிச் சேர்ந்த பிறகும் காரியம் முடிவதில்லை. இரண்டு புரோட்டான்கள் ஒட்டி நிற்காது. தொட்ட மாத்திரத்தில் பிரிந்துவிடும். தொட்டிருக்கும் அந்தக் கணத்துக்குள் இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறிவிட வேண்டும். அப்படி மாற்றும் வேலை வலுவற்ற விசையைச் சேர்ந்தது, அதுவோ அபூர்வமாகத்தான் கைகொடுக்கும். சூரிய மையத்தில் கிடக்கும் ஒரு புரோட்டானுக்கு இந்த வாய்ப்பு அமையச் சராசரியாக 900 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடக்கிறது. சேர்ந்து உண்டான டியூட்டிரியத்தை அடுத்த சில நொடிகளுக்குள் இன்னொரு புரோட்டான் வந்து பிடித்துக்கொள்ள, ஹீலியம்-3 ஆகிறது. ஹீலியம்-3க்குத் தன் இனத்தில் ஒரு துணை கிடைக்கச் சில நூறு ஆண்டுகள். இரண்டும் சேர்ந்தால் முழு ஹீலியம். ஹான்ஸ் பெத்தேயும் சார்லஸ் கிரிட்ச்ஃபீல்டும் 1938இல் எடுத்துக் காட்டிய பாதை இது. 900 கோடி ஆண்டு, சில நொடி, சில நூறாண்டு என்ற இந்த ஏற்ற இறக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சுவைக்கலாம். காத்திருப்பு முழுவதும் முதல் சந்திப்புக்கு மட்டுமே. சூரியனின் ஆயுளே அந்தக் காத்திருப்புதான்.

இந்த அடுப்பைக் கவனிக்க ஆளும் தேவையில்லை. மையத்தில் எரிவது கொஞ்சம் கூடினால் மையம் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் எரிவது தணியும். குறைந்தால் சுருங்கிச் சூடேறும். 460 கோடி ஆண்டுகளாகத் தடுமாறாமல் நடக்கும் சங்கதி. உயிருக்கு வேண்டியிருந்ததும் இப்படிப்பட்ட நீண்ட, ஆர்ப்பாட்டமில்லாத அவகாசம்தான். பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதில் மிகப் பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களின் காலம். விலங்கு என்று சொல்லத்தக்கவை வந்து சுமார் 60 கோடி ஆண்டுதான். சூரியன் அவசரக்காரனாக இருந்திருந்தால் பாசியோடு கதை முடிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது உண்மையிலேயே பெரிய சச்சரவாக இருந்தது. சூரியன் தன் எடையால் சுருங்கிச் சுருங்கிச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டு, பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1862இல் ஒரு கணக்குப் போட்டார். சூரியன் பூமிக்கு ஒளி தந்துவருவது பெரும்பாலும் 10 கோடி ஆண்டுக்கு மேல் இருக்காது என்று விடை வந்தது. டார்வினுக்கு அது பெரும் சங்கடம். இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரிக்கப்படவே 30 கோடி ஆண்டு பிடித்திருக்கும் என்று உயிரினங்களின் தோற்றம் பற்றிய தன் நூலின் முதல் பதிப்பில் எழுதியிருந்தவர், கெல்வினின் கணக்கு வருவதற்கு முன்பே, மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார். கெல்வினின் கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. எரிபொருள் எதுவென்று அன்று யாருக்கும் தெரியாது. சூரியன் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்பதே 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண்ணின் ஆய்வேட்டில்தான் வெளிப்பட்டது. மேக்நாத் சாகா 1920இல் தந்த சமன்பாட்டை வைத்து விண்மீன் ஒளியை அலசிக் கண்டுபிடித்திருந்தார். பெரியவர்கள் நம்பவில்லை, இந்த அளவு ஹைட்ரஜன் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று அவரையே எழுத வைத்தார்கள். எதிர்த்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் நான்கே ஆண்டில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

இனி சில்லறைக்கு வருவோம்.

மையத்தில் விளையும் ஆற்றல் பிறக்கும்போது காமா கதிர். அதை அப்படியே பூமிக்கு அனுப்பினால் ஒரு செல்கூட மிஞ்சாது. அது பெரிய நோட்டு. எந்த உயிரும் அதைக் கையில் வாங்க முடியாது. சூரியனின் உடம்பு முழுவதும் அந்த நோட்டை மாற்றும் இடம்தான். பிறந்த கதிர் ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் எதிலாவது மோதித் திசை மாறும், விழுங்கப்படும், வேறாக வெளிவரும். எந்தப் பக்கம் போகிறோம் என்ற தெளிவே இல்லாத இந்த அலைச்சலில் ஆற்றல் மேலே வந்துசேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு லட்சத்துக்கும் மேல் என்று சொல்லும் கணக்குகள் உண்டு. ஒவ்வொரு மோதலிலும் மதிப்பு உடைந்துகொண்டே வருகிறது. மேற்பரப்பின் வெப்பம் 5,500 டிகிரி. அந்த வாசலைத் தாண்டும்போது, ஒரே ஒரு ஹீலியம் உண்டானதில் கிடைத்த ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஒளித்துகள்களாக, அதாவது ஃபோட்டான்களாக, பிரிந்திருக்கும். ‘இன்று என் முகத்தில் படும் ஒளி லட்சம் ஆண்டுக்கு முன் பிறந்தது’ என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அன்று பிறந்த கதிர் என்றைக்கோ செலவாகிவிட்டது. நம்மிடம் வருவது அதன் மாற்று. வாசலைத் தாண்டிய பிறகு 8 நிமிடம் 20 நொடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படி வருவதிலும் பூமிக்குக் கிடைப்பது மொத்தத்தில் 220 கோடியில் ஒரு பங்குதான்.

ஒளித்துகள்களின் மதிப்பை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்புக் கோடியில் 1.7, ஊதாக் கோடியில் 3 அளவு. உயிர்ப் பொருள்களைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளைப் பாருங்கள்: கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையில் 3.6, கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையில் 4.3. இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உடல் சிலிர்க்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி, பிணைப்பை உடைக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. ஆனால் மூலக்கூறில் ஓர் எலக்ட்ரானை எழுப்பி இடம் மாற்ற அது போதும். அகச்சிவப்புக்கு அந்தச் சக்தி கிடையாது. மூலக்கூறை ஆட்டிச் சூடாக்குவதோடு சரி. புற ஊதாவோ கட்டியதை உடைத்துவிடும். ஆட்டுவதற்கும் உடைப்பதற்கும் நடுவில், வேலை வாங்கத் தோதான குறுகிய பட்டை ஒன்று. சூரியனின் வெளிச்சம் ஓங்கி நிற்பதும் அந்தப் பட்டையில். காற்றும் தண்ணீரும் தடை சொல்லாமல் உள்ளே விடுவதும் அதே பட்டையைத்தான். தண்ணீர் அகச்சிவப்பைச் சில மில்லிமீட்டருக்குள், மிஞ்சினால் சில சென்டிமீட்டருக்குள் குடித்துவிடும். நீல ஒளியைப் பத்துப் பத்து மீட்டராக ஆழத்துக்கு விடும். இந்த எழுத்தை நீங்கள் வாசிப்பதும் இதே அளவின் தயவில்தான். விழித்திரையில் உள்ள ரெட்டினால் என்ற மூலக்கூறு வளைந்து கிடக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டால் ஓரிடத்தில் திருகி நிமிர்ந்துவிடும். உடைவதில்லை. பார்வை அங்கே ஆரம்பிக்கிறது.

புற ஊதாவை என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு சூரியனிடமே உண்டு. ஆற்றல் மிகுந்த புற ஊதா, உயரத்தில் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்கிறது. பிளந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டி ஓசோன் ஆகிறது. பிறகு வரும் புற ஊதாவை அந்த ஓசோன் வாங்கி உடைகிறது, உடைந்து மறுபடி சேர்கிறது, சேரும்போது வாங்கியதை வெறும் சூடாக விட்டுவிடுகிறது. கதிர்தான் கதிருக்குத் தடை எழுப்புகிறது. 20, 25 கிலோமீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைமட்ட அழுத்தத்தில் வைத்தால் அதன் தடிமன் 3 மில்லிமீட்டர். உள்ளங்கைத் தோலில் படும் வெயிலுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதான்.

இவ்வளவு தடுத்தும் ஒரு துளி கசிகிறது. அந்தத் துளியையும் உடல் வீணாக்குவதில்லை. தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. நான்கு வளையங்கள் ஒட்டிய உருவம். புற ஊதா-பி கதிரின் ஓர் ஒளித்துகள் வந்து அதன் இரண்டாம் வளையத்தில் ஒரே ஒரு பிணைப்பை மட்டும் அறுக்கிறது. வளையம் திறக்கிறது. மீதி வேலைக்குச் சூரியன் வேண்டாம். உடம்பின் சூட்டிலேயே சில மணி நேரம், ஓரிரு நாள் என்று நிதானமாக உருமாறி வைட்டமின் டி ஆகிறது. சுவை இதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் நின்றால் வைட்டமின் அளவுக்கு மிஞ்சிவிடுமோ என்றால், மிஞ்சாது. கூடுதலாக விழும் ஒளி, திறந்த வளையத்தை வேறு இரண்டு உபயோகமற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. கொடுக்கும் கையே போதும் என்றும் சொல்லிவிடுகிறது. (கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து காலை வெயில் காய்பவர்கள் கவனிக்க: கண்ணாடி இந்தக் கதிரை விடாது. சூடு மட்டும்தான் கிடைக்கும்.)

ஆனாலும் தோலும் விழித்திரையும் துணைப் பாத்திரங்கள். மேடை இலையினுடையது.

ஒளியில் எந்த நிறத்தை இலை விரும்புகிறது என்று கண்டுபிடிக்க 1880களின் தொடக்கத்தில் உட்ரெக்டில் தியோடர் எங்கெல்மான் செய்த சோதனையைப் போல் அழகான சோதனை அறிவியலில் குறைவு. நூல் போன்ற ஒரு பச்சைப் பாசி இழையை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். முப்பட்டகத்தால் பிரித்த வானவில்லை அந்த இழையின் நீளத்துக்குப் படரவிட்டார். தண்ணீரில் ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை விட்டார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பாக்டீரியாக்கள் சிவப்பு விழுந்த இடத்தில் ஒரு குவியலாகவும் நீலம் விழுந்த இடத்தில் இன்னொரு குவியலாகவும் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் ஏதோ ஒன்றிரண்டு. அளக்கும் கருவி இல்லை, எண்கள் இல்லை. விடையை உயிர்களே வரைந்து காட்டிவிட்டன.

இதை வைத்துக்கொண்டு ‘இலை பச்சையைத் தொடுவதே இல்லை’ என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவிடுகின்றன. அது கொஞ்சம் மிகை. தடித்த இலைக்குள் பச்சை ஒளி ஆழமாகப் போய், அங்கும் இங்கும் சிதறி, பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மற்ற நிறங்களைவிடச் சற்று அதிகம் தப்பி வருகிறது, அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்குப் பசுமை. இலை மெய்யாகவே மறுப்பது வேறொன்றை. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் எல்லையில், 700 நானோமீட்டரைத் தாண்டியதும், இலையின் நடத்தை தலைகீழாக மாறும். அதுவரை விழுங்கிக்கொண்டிருந்தது, அதன் பிறகு வருவதில் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பி எறியும். மீதியில் பெரும்பங்கை ஊடே விட்டுவிடும். அந்தக் காசுகளின் மதிப்பு வேலைக்குப் போதாது, வாங்கி வைத்தால் சூடுதான் மிச்சம். செல்லாக் காசை இலை தொடுவதில்லை. அகச்சிவப்பில் எடுத்த படங்களில் மரங்கள் பனி மூடியதுபோல் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்; செயற்கைக்கோள்கள் மேலிருந்து பயிரின் நலத்தைக் கணிப்பதும் இந்த எல்லையை வைத்துத்தான்.

வாங்கிய காசில் இலை செய்யும் முதல் செலவு, தண்ணீரை உடைப்பது. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. தண்ணீர் எளிதில் உடையும் பொருள் இல்லை. நாம் உடைக்க வேண்டுமானால் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். இலையோ அறை வெப்பத்தில், சத்தமில்லாமல் உடைக்கிறது. உடைக்கும் இடம் நான்கு மாங்கனீசு அணு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட சின்னஞ்சிறு கொத்து. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் உருவத்தை அணு அணுவாகப் பார்த்தபோது, கோணிப்போன நாற்காலி மாதிரி இருக்கிறது என்றார்கள். உலகத்துக் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும், இந்தக் கோணல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தது. பாசியானாலும் ஆலமரமானாலும் இதே கொத்துதான். மாற்று வடிவம் ஒன்றை இயற்கை வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான்களை எடுக்க வேண்டும். ஓர் ஒளித்துகளுக்கு ஓர் எலக்ட்ரான்தான். ஆகவே அந்தக் கொத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிச் சேர்த்துவைக்கிறது. எண்ணுகிறது என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. 1969இல் பியர் ஜோலியோவும் உடன் இருந்தவர்களும் இருட்டில் ஓய்வெடுத்த பசுங்கணிகங்களுக்கு நொடிக்குள் நொடியான மின்னல் ஒளியை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். முதல் மின்னலுக்கு ஆக்சிஜன் இல்லை. இரண்டாவதற்குப் பெயரளவில். மூன்றாவதற்குக் குபீரென்று வந்தது. பிறகு ஏழாவதற்கு, பதினொன்றாவதற்கு என்று நான்குக்கு ஒரு முறை. ஏன் நான்காவதில் தொடங்காமல் மூன்றாவதில்? இருட்டில் ஓய்வெடுக்கும்போதே பெரும்பாலான கொத்துகள் கணக்கில் ஒன்றை முன்கூட்டி வைத்திருக்கின்றன என்று பெசல் காக் மறு ஆண்டு விளக்கினார். போகப்போக சில கொத்துகள் எண்ணிக்கை தவறித் தாளம் கலைந்துவிடும். கடைசியில் எல்லா மின்னலுக்கும் ஒரே அளவு. லட்சோபலட்சம் கொத்துகள் கொஞ்ச நேரம் ஒரே தாளத்தில் எண்ணி, பிறகு கலைவது வரைபடத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. இதைவிடப் பெரிய விந்தைகள் இருக்கலாம், இத்தனை பொடியான விந்தை எனக்குத் தெரிந்து வேறில்லை.

எடுத்த எலக்ட்ரானைச் சர்க்கரை செய்யும் உயரத்துக்கு ஏற்ற ஒரு காசு போதாது. வழியில் ஆகும் இழப்பு போகப் பற்றாக்குறைதான் மிஞ்சும். ஆகவே பாதி வழியில் இரண்டாவது ஒளித்துகளை வாங்கி இன்னொரு தூக்கு. ஒரு ஆக்சிஜனுக்கு ஆக மொத்தம் குறைந்தது எட்டு ஒளித்துகள்.

இலைக்கு வெயில் எப்போதும் வேண்டியதுதான் என்று நாம் எண்ணுவோம். நடுப்பகலில் அதற்கும் தாங்காது. தண்ணீரை உடைக்கும் அமைப்பின் நடுவில் உள்ள டி-1 என்ற புரதம் கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பழுதாகிவிடும். பழுதானதைக் கழற்றி எறிந்து புதிதாகச் செய்து பொருத்துகிறது செல். நாள் முழுக்க இதுதான் வேலை. இன்னொரு தந்திரமும் உண்டு. மெல்லிய வெளிச்சத்தில் பசுங்கணிகங்கள் செல்லின் மேல்முகத்தில் பரவி ஒளியை ஏந்தி நிற்கும். வெயில் ஏறினால் நகர்ந்து பக்கச் சுவர்களை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துகொள்ளும். ஓர் இலையைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் ஒரு கீற்று மட்டும் கடும் வெளிச்சம் படவிட்டால், தாளை எடுக்கும்போது அந்தக் கீற்று வெளிறிப் போயிருக்கும். பச்சையம் குறைந்துவிடவில்லை, அத்தனையும் ஓரமாக ஒதுங்கிவிட்டன.

மேல் இலைகள் வாங்கியது போக மிச்சம்தான் கீழே உள்ளவற்றுக்கு. மரத்தடியில் வட்டவட்டமாக விழும் வெளிச்சத் திட்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். இலையிடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, திட்டு மட்டும் ஏன் வட்டம்? ஒவ்வொரு திட்டும் சூரியனின் உருவப்படம் என்பதால். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் வழியாகக் கடந்துபோனபோது மரத்தடித் திட்டுகள் அத்தனையும் வளையல்களாக மாறிக் கிடந்தன. காட்டின் தரையில் முளைத்த பல கன்றுகள் இந்தத் திட்டு தம்மேல் நகர்ந்து போகும் சில நிமிடங்களில்தான் அன்றைய பிழைப்பின் கணிசமான பங்கை முடித்துக்கொள்கின்றன.

சரி, இவ்வளவு ஆற்றலையும் வாங்கிப் பூமி எங்கே வைத்திருக்கிறது? எங்கும் இல்லை. மேகமும் பனியும் 30 சதவீதத்தை வந்த வழியே திருப்பிவிடுகின்றன. உள்வாங்கிய 70 சதவீதமும் சூடாக மாறி இரவும் பகலும் விண்வெளிக்குத் திரும்பிப் போகிறது. வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அந்தச் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதால்தான் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரி. இல்லாவிட்டால் மைனஸ் 18. இப்போது நாம் கரியைக் கூட்டிக் கூட்டி, சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு வாட் அளவுக்கு வரவைச் செலவைவிட மிஞ்சவிட்டிருக்கிறோம். உலகம் கொதிக்கிறது என்று மாநாடு கூட்டிப் பேசுவது இந்த ஒரு வாட்டைப் பற்றித்தான்.

வந்ததெல்லாம் திரும்பிப் போகிறது என்றால் நமக்குக் கிடைத்தது என்ன? லூட்விக் போல்ட்ஸ்மன் 1886இல் வியன்னாவில் பேசியபோது இதைத் தொட்டார். உயிர்கள் போராடுவது பொருளுக்காகவும் இல்லை, ஆற்றலுக்காகவும் இல்லை, சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த பூமிக்கு ஆற்றல் இறங்கி வரும்போது கிடைக்கும் அந்தச் சரிவுக்காக என்பது அவர் சொன்னதன் சாரம். சில்லறைக் கணக்கில் சொன்னால் எளிது. சூரியனிடமிருந்து ஓர் ஒளித்துகள் வந்தால் பூமி அதற்கு ஈடாக 20 அகச்சிவப்புத் துகள்களைத் திருப்பி அனுப்புகிறது. தொகை அதேதான், நாணயம் மட்டும் சிறுத்துவிட்டது. ஒன்று இருபதாக மாறும் அந்த இடைவெளியில்தான் காற்று அடிக்கிறது, மழை பெய்கிறது, நெல் கதிர் வாங்குகிறது, மாடு அசைபோடுகிறது. வந்தது வந்தபடியே திரும்பியிருந்தால் பூமி வெறும் கண்ணாடி.

சூரியன் இல்லாமலும் உயிர் உண்டு என்று சொல்பவர்கள் 1977ஐ எடுத்துக் காட்டுவார்கள். கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் என்ற நீர்மூழ்கி இறங்கியபோது, வெளிச்சமே எட்டாத வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மண்டிக் கிடந்தன. வாயும் குடலும் இல்லாத, ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் குழல் புழுக்கள். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துப் பிழைக்கின்றன. புழுவின் நுனி செக்கச் செவேல் என்று இருக்கும், ஹீமோகுளோபின். அது சுமந்து வரும் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? மேலே, வெயில் பட்ட கடலில், மாங்கனீசுக் கொத்து எண்ணி எண்ணி விட்டது. இருட்டில் வாழும் புழுவும் சூரியனின் கணக்கில்தான் மூச்சு விடுகிறது.

நேர்மையாகச் சொன்னால் விலக்குகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்பு நீரில் ஏறக்குறைய தன்னந்தனியாக வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜூல்ஸ் வெர்னின் பாதாளப் பயணக் கதையிலிருந்து லத்தீன் தொடர் ஒன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள்: டெசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர். வெளிச்சமும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரை உடைக்க, அதில் வரும் ஹைட்ரஜனை வைத்து அது காலம் தள்ளுகிறது. நம் சூரியனுக்கு அது ஒரு காசும் பாக்கி இல்லை. அந்த யுரேனியம் உண்டானது மட்டும், சூரியன் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து முடிந்த வேறு விண்மீன்களில்.